பொடுகு ஷாம்புக் குப்பிகளில் தமிழ் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில், தீராத பொடுகு பற்றி வாசகி ஒருவர் அண்மையில் கேட்டிருந்த கேள்விக்கு, மருந்து கலந்த ஷாம்புவைப் பயன்படுத்துமாறு ஒரே வரியில் பதில் தரப்பட்டிருந்தது. பதில் தவறில்லை. ஆனால், அரசு மருத்துவமனை மருந்தகத்தில் 31 ஆண்டுகள் மருந்து கொடுத்துவிட்டு, ஓய்வுக்குப் பின் தங்கை மகனின் மருந்துக் கடையில் மாலை நேரங்களில் உட்கார்ந்திருக்கும் எனக்கு, இப்படிப்பட்ட ஒரு வரியை நம்பி வருகிறவர்கள் கடையில் எதை வாங்குகிறார்கள், வாங்கியதை வீட்டில் என்ன செய்கிறார்கள் என்பது ஓரளவு தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆசிரியர் கடிதப் பகுதிக்கு இது சற்று நீளம் என்பதும் தெரியும், பொறுத்தருள வேண்டும்.

சென்ற ஐப்பசியில் ஒரு மாலை, விடுதியில் தங்கிப் படிக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் கடைக்கு வந்தார். பிளாஸ்டிக் பையிலிருந்து மூன்று குப்பிகளை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வரிசையாக வைத்து, "ஐயா, இந்த மூன்றுக்கும் கேட்கவில்லை. நான்காவதாக வேறு ஏதாவது இருக்கிறதா?" என்றார். முதல் குப்பி கீட்டோகோனசோல் 2 சதவீதம். இரண்டாவது வேறொரு நிறுவனத்தின் பெயரில் இருந்தாலும் அதிலும் அதே கீட்டோகோனசோல் 2 சதவீதம்தான். கூடவே ஜிங்க் பைரிதியோன் 1 சதவீதம். மூன்றாவது, நிலக்கரித் தாரும் சாலிசிலிக் அமிலமும் சேர்ந்தது. எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டேன். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றிக் குழைத்து, தினமும் காலையில் தலையில் தேய்த்து, உடனே அலசிவிடுவாராம். குளியலறைக்கு வெளியே பத்துப் பேர் வாளியோடு நிற்கும்போது நுரையோடு எத்தனை நேரம் நிற்க முடியும் என்று அவர் கேட்டது நியாயம்தான். தலையைக் குனியச் சொல்லிப் பார்த்தேன். வகிட்டின் இரு பக்கமும் தோல் சிவந்து வறண்டு, நகம் பட்ட இடங்கள் கன்றிப் போயிருந்தன. பொடுகு மட்டும் வந்த இடத்திலேயே இருந்தது.

அந்த மாணவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்று குப்பிகளிலும் செய்ய வேண்டியவை அச்சிடப்பட்டுத்தான் இருந்தன. ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், வளைந்த பிளாஸ்டிக்கின் பின்பக்கத்தில். படித்த பிள்ளையாலேயே படிக்க முடியாததை, அதே குப்பியை வாங்கிப் போகும் பூக்கடை அம்மாள் எப்படிப் படிப்பார்?

மருந்து ஷாம்பு என்று ஒரே பெயரில் அழைத்தாலும் அதற்குள் வெவ்வேறு வேலை செய்யும் மருந்துகள் அடங்கியிருக்கின்றன. எது எதற்கு என்று தெரிய, பொடுகு எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும். நம் எல்லோருடைய தலைத்தோலிலும் மலாசீசியா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை குடியிருக்கிறது. தனக்குத் தேவையான கொழுப்பு அமிலங்களைத் தானே உண்டாக்கிக்கொள்ள அதற்கு இயலாது; மயிர்க்கால்களில் சுரக்கும் எண்ணெய்ப் பசையை உடைத்து, தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, ஓலிக் அமிலம் போன்றவற்றை மிச்சம் விடுகிறது. அந்த மிச்சம் சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஓலிக் அமிலத்தை மட்டும் தனியாகத் தலையில் தடவிப் பார்த்த ஆய்வில், பொடுகுத் தொல்லை உள்ளவர்களுக்குச் செதில் உதிர்ந்தது, இல்லாதவர்களுக்கு உதிரவில்லை. ஆகவே பொடுகு என்பது அழுக்கும் அன்று, சோம்பேறித்தனத்தின் அடையாளமும் அன்று. தோல் எரிச்சலுற்று, செல்கள் வழக்கத்தைவிட வேகமாகப் பெருகி, முதிராமலே கொத்துக் கொத்தாக உதிர்வதுதான் நாம் தோள்மீது காணும் வெள்ளைத் தூள். இதே நிலை முற்றி, புருவம், மூக்கோரம், காதுமடலின் பின்புறம் என்று பரவி, மஞ்சள் நிறப் பிசுபிசுப்பான செதிலாக ஆகும்போது அதை மருத்துவர்கள் செபோரிக் டெர்மடைட்டிஸ் என்கிறார்கள்.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியைப் பிடிப்பது என்பதில்தான் மருந்துக்கு மருந்து வேறுபடுகிறது. கீட்டோகோனசோலும் சைக்ளோபிராக்ஸும் பூஞ்சையைத் தாக்குபவை. ஜிங்க் பைரிதியோனும் பூஞ்சையைத்தான் ஒடுக்குகிறது. அதன் நுண்துகள்கள் அலசிய பின்னும் தோலில் கொஞ்சம் தங்கி வேலை செய்யும். செலினியம் சல்ஃபைட் பூஞ்சையைக் குறைப்பதோடு, செல்கள் பெருகும் வேகத்தையும் தணிக்கும். நிலக்கரித் தாரும் அந்த வேகத்தைத் தணிப்பதுதான். சாலிசிலிக் அமிலம் பூஞ்சையின் பக்கமே போகாது. ஒட்டிக்கொண்டிருக்கும் தடித்த செதிலை இளக்கி உதிர்ப்பது மட்டுமே அதன் வேலை. இவற்றைத் தவிர, மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே தொட வேண்டிய குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு ஷாம்புகளும் உண்டு. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆக, கடையில் நின்று இந்தக் கம்பெனி நல்லதா அந்தக் கம்பெனி நல்லதா என்று கேட்பதைவிட, குப்பியைத் திருப்பி, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் என்ன, எத்தனை சதவீதம் என்று கேட்பதுதான் பயன் தரும். அப்படிக் கேட்டிருந்தால் அந்த மாணவர் ஒரே மருந்துக்கு இரண்டு முறை பணம் கொடுத்திருக்க மாட்டார். பெயர் வேறு, நிறம் வேறு, வாசனை வேறு. உள்ளே கீட்டோகோனசோல் ஒன்றுதான். இரண்டையும் சேர்த்துத் தேய்ப்பதால் மருந்து 4 சதவீதம் ஆகிவிடாது. மாறாக, உள்ளங்கையில் மூன்றையும் குழைக்கும்போது ஒவ்வொன்றும் மற்றதை நீர்க்கச் செய்கிறது. சாதத்தில் குழம்பையும் ரசத்தையும் மோரையும் ஒன்றாக ஊற்றிப் பிசைந்தால் எதன் ருசியும் தெரியாதல்லவா, அந்தக் கதைதான்.

இனி நேரத்துக்கு வருகிறேன். என் அனுபவத்தில், மருந்து கேட்கவில்லை என்று திரும்பி வருகிறவர்களில் பெரும்பாலோர் தோற்பது இங்கேதான். சாதாரண ஷாம்புவின் வேலை அழுக்கையும் எண்ணெயையும் பற்றிக்கொண்டு தண்ணீரோடு போவது. அது தலையில் அரை நிமிடம் இருந்தாலே போதும். மருந்து ஷாம்பு அப்படியன்று. கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு 3 முதல் 5 நிமிடம் வரை தோலில் இருக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை, இரண்டு முதல் நான்கு வாரம் வரை. கட்டுப்பட்ட பிறகு, திரும்பி வராமலிருக்க, வாரத்துக்கு ஒரு முறையோ இரு வாரங்களுக்கு ஒரு முறையோ போதும். தினமும் தேய்ப்பதால் சீக்கிரம் குணமாகும் என்பது நம் ஆசையே தவிர, மருந்து அப்படி வேலை செய்வதில்லை. தோல் வறண்டு, அரிப்பு கூடி, அந்த அரிப்பையும் பொடுகின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

குளியலறையில் ஐந்து நிமிடம் என்பது எவ்வளவு நீளமானது என்பது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கே தெரியும். கண்ணை மூடிக்கொண்டு நிற்கும்போது ஒரு நிமிடத்திலேயே ஐந்து நிமிடம் ஆகிவிட்டது போலத் தோன்றும். நானே ஒருமுறை கைப்பேசியில் அலாரம் வைத்து நின்று பார்த்தேன். முடிந்தது என்று நினைத்துக் கண்ணைத் திறந்தபோது இரண்டு நிமிடம் கூட ஆகியிருக்கவில்லை. எனவே கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான்: முதலில் தலையை நனைத்து மருந்து ஷாம்புவைத் தேய்த்துவிடுங்கள், நுரை தலையிலேயே இருக்கட்டும், உடம்புக்குச் சோப்புப் போட்டு, குதிகாலைப் படிக்கல்லில் தேய்த்து, மேல் குளித்து முடியுங்கள், கடைசியாகத் தலையை அலசுங்கள். ஐந்து நிமிடம் தானாகவே போயிருக்கும். கண்ணில் வழியாமல் நெற்றியில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டால் இன்னும் நல்லது.

தேய்க்கும் இடத்திலும் பிழை நடக்கிறது. நோய் இருப்பது தோலில். நாமோ முடியைத் தேய்க்கிறோம். இடுப்பு வரை கூந்தல் உள்ள பெண்கள் குப்பியில் பாதியைக் கூந்தலின் நுனி வரை பூசிக் காலி செய்துவிட்டு, மருந்து விலை அதிகம் என்று வருந்துகிறார்கள். வகிடு வகிடாகப் பிரித்து, விரல் நுனியால், நகம் படாமல், தோலில் படும்படி தேய்த்தால் இரண்டு தேக்கரண்டி அளவே பெரும்பாலோருக்குப் போதும். ஜிங்க் பைரிதியோனும் செலினியம் சல்ஃபைடும் குப்பியின் அடியில் படியும் தன்மை உள்ளவை என்பதால், ஊற்றுவதற்கு முன் நன்றாகக் குலுக்க வேண்டும். கண்டிஷனர் பூசுகிறவர்கள் மருந்தை அலசிய பிறகு, முடியின் கீழ்ப் பாதிக்கு மட்டும் பூசினால் போதும்.

எண்ணெய் பற்றிச் சொல்லாமல் நம் ஊரில் தலையைப் பற்றிப் பேச முடியாது. பெண்களுக்கு வெள்ளி, ஆண்களுக்குச் சனி என்று எண்ணெய்க் குளியலுக்கு நாள் குறித்து வளர்ந்தவன் நான். எண்ணெயை எதிரியாகப் பேச எனக்கு விருப்பமில்லை. தேங்காயெண்ணெய் முடித்தண்டுக்குள் புகுந்து, அலசும்போது ஏற்படும் புரத இழப்பைக் குறைக்கிறது என்பது ஆய்வில் தெரிந்த செய்தி. ஆனால் முடிக்கு நல்லது எல்லாம் பொடுகு பிடித்த தோலுக்கும் நல்லது என்று ஆகிவிடாது. நல்லெண்ணெயின் கொழுப்பில் ஏறத்தாழ 40 சதவீதம் ஓலிக் அமிலம். முன்னே சொன்ன அதே அமிலம். தலை வறண்டிருப்பதால்தான் பொடுகு வருகிறது என்று எண்ணி, இரவில் எண்ணெய் வழிய வழிய வைத்து, தலையணையில் துண்டு விரித்துப் படுத்து, மறுநாள் காலையில் அந்த எண்ணெய் மேலேயே மருந்து ஷாம்புவைத் தேய்த்தால், நுரையே வராது. மருந்து எண்ணெயோடு மல்லுக்கட்டிவிட்டுத் தோலைத் தொடாமலே வடிந்துவிடும். பொடுகு அடங்கும் வரை தலைத்தோலுக்கு எண்ணெயை நிறுத்தி வைப்பது நல்லது. நிறுத்த முடியாதவர்கள் எண்ணெயைச் சீயக்காயோ அரப்போ சாதாரண ஷாம்புவோ போட்டு முதலில் போக்கிவிட்டு, இரண்டாவது முறையாக மருந்து ஷாம்புவைத் தேய்த்து நேரம் வைக்க வேண்டும். பொடுதலைத் தைலம், வெட்பாலைத் தைலம் போன்றவற்றைச் சித்த மருத்துவர் கொடுத்திருந்தால், அவரிடமும் ஷாம்புவைப் பற்றிச் சொல்லி, இரண்டையும் ஒரே நாளில் வைக்காமல் பார்த்துக்கொள்வது முறை.

ஒன்றுக்கு மேற்பட்ட ஷாம்புகளைச் சேர்த்துப் பயன்படுத்தவே கூடாதா என்றால், அப்படியில்லை. சேர்க்கலாம்; ஆனால் கையில் குழைத்து அல்ல, நாளை மாற்றி. செதில் தடித்து அப்பிக்கொண்டிருப்பவருக்குக் கீட்டோகோனசோல் மட்டும் கொடுத்தால், செதிலின் மேலேயே அது நின்றுவிடும். அப்படிப்பட்டவர்கள் ஒரு நாள் சாலிசிலிக் அமில ஷாம்புவால் செதிலை இளக்கி, அடுத்த முறை குளிக்கும்போது பூஞ்சைக்கான ஷாம்புவைத் தேய்க்கலாம். ஞாயிறும் புதனும் கீட்டோகோனசோல், வெள்ளியன்று சாலிசிலிக், இடையில் தலைக்குக் குளிக்க வேண்டுமென்றால் மருந்தில்லாத மென்மையான ஷாம்பு என்று நான் எழுதிக் கொடுப்பது உண்டு. ஒரு குளியலுக்கு ஒரு மருந்து என்பதை மட்டும் மீறக் கூடாது. ஜிங்க் பைரிதியோன் 1 சதவீதம் உள்ள சாதாரணப் பொடுகு ஷாம்புவே லேசான பொடுகுக்குப் போதும் என்பதால், முதல் குப்பியாக அதை வாங்கி, மூன்று நான்கு வாரம் ஒழுங்காகப் பயன்படுத்திப் பார்த்து, கேட்கவில்லை என்றால் மட்டும் அடுத்ததற்குப் போவதே சிக்கனமும்கூட.

சில சேர்க்கைகள் உண்மையிலேயே கூடாதவை. காளாஞ்சகப் படை என்று நம் சித்தர்கள் குறித்த சொரியாசிஸ் தலையில் வந்து, அதற்காகக் கால்சிபோட்ரியால் பூச்சை மருத்துவர் கொடுத்திருந்தால், சாலிசிலிக் அமிலம் அதனோடு சேரக் கூடாது. சேர்ந்தால் பூச்சின் வீரியம் போய்விடும். செலினியம் சல்ஃபைடைத் தலைச்சாயம் அடிப்பதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாளைக்குத் தவிர்க்க வேண்டும். நரைத்த முடியிலும் சாயம் ஏற்றிய முடியிலும் அது நிறத்தைக் கெடுக்கலாம். தேய்ப்பதற்கு முன் தோடு, ஜிமிக்கி, சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைப்பது நல்லது. வெள்ளி கறுத்துப் போன பிறகு கடைக்கு எடுத்து வந்து காட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நிலக்கரித் தார் தேய்த்துக் குளித்த அன்று வெயிலில் அலைந்தால் தோல் எளிதில் கன்றும். அதன் வாசனை வேறு, புதிதாகத் தார் போட்ட சாலை நினைவுக்கு வரும். அலுவலகம் போகிறவர்கள் அதை இரவுக் குளியலுக்கு வைத்துக்கொள்வது உத்தமம்.

ஸ்டீராய்டு ஷாம்பு பற்றிப் பிறகு சொல்வதாக எழுதினேன். குளோபெட்டசால் 0.05 சதவீத ஷாம்பு தலையில் வரும் சொரியாசிஸுக்கு நல்ல மருந்து. மருத்துவர் சொன்னபடி, அதுவும் நான்கு வாரத்துக்கு மேற்படாமல். அதைப் பூசும் முறையே மற்றவற்றிலிருந்து தலைகீழானது: நனைக்காத உலர்ந்த தலையில், நோயுள்ள இடத்தில் மட்டும் மெல்லப் பூசி, 15 நிமிடம் விட்டு, பிறகுதான் நனைத்து அலச வேண்டும். போட்டவுடன் அரிப்பு நின்றுவிடுவதால், அது தெரிந்தவர்கள் பக்கத்து வீட்டுக்கும் சிபாரிசு செய்கிறார்கள். மாதக் கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, நுண்ணிய ரத்தக் குழாய்கள் சிவந்து தெரிய ஆரம்பிக்கும். திடீரென்று நிறுத்தினால் நோய் முன்னைவிட வேகமாகத் திரும்பும். ஸ்டீராய்டுப் பூச்சைத் தலைக்கு நெடுநாள் போட்டுவந்தவர் கீட்டோகோனசோலுக்கு மாறும்போது, பழையதை ஒரே நாளில் நிறுத்தாமல், இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பது அந்த ஷாம்புவின் குறிப்புத் தாளிலேயே சொல்லப்பட்டிருக்கிறது; அதைப் படித்தவர்கள் எத்தனை பேர்? தோலில் பூசும் ஸ்டீராய்டுகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்பதற்கான விதிகளை மத்திய அரசு 2018-இல் இறுக்கியது. விதி இறுகியதே தவிர, கைகள் இன்னும் இறுகவில்லை என்பதை என் தொழிலைச் சேர்ந்தவர்களின் மனம் கோணினாலும் எழுதத்தான் வேண்டும்.

என் வீட்டில் நடந்ததையும் மறைக்காமல் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் பேரனுக்கு, அப்போது ஆறு வயது, பின் தலையில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு முடி உடைந்து, சாம்பல் நிறச் செதில் கட்டியது. பொடுகுதான் என்று நானே முடிவு செய்து, இரண்டு மாதம் கீட்டோகோனசோல் ஷாம்புவைத் தேய்க்கச் சொன்னேன். நாணயம் ஒன்று மூன்றானது. அவன் தங்கைக்கும் தொற்றியது. தோல் மருத்துவர் அந்த இடத்திலிருந்து இரண்டு முடிகளைப் பிடுங்கி, கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு சொட்டு மருந்து விட்டு, நுண்ணோக்கியில் பார்த்தார். தலையில் வரும் படை. அந்தப் பூஞ்சை முடித்தண்டுக்கு உள்ளேயே புகுந்து வாழ்வது. மேலே தேய்க்கும் ஷாம்பு அங்கே போய்ச் சேராது. வாய்வழி மருந்துதான் வழி என்று கிரிசியோஃபுல்வின் எழுதிக் கொடுத்தார். கொழுப்புள்ள உணவோடு சேர்ந்தால் நன்றாக உடம்பில் ஏறும் மருந்து அது. என் மனைவி நெய் சோற்றுக்குப் பிறகு கொடுப்பார். எட்டு வாரத்தில் முடி முளைத்தது. ஷாம்புவைத் தூக்கி எறிய வேண்டாம், மற்றவர்களுக்குப் பரவுவதைக் குறைக்க அது உதவும், ஆனால் அது மட்டும் போதாது என்று மருத்துவர் சொன்னபோது, முப்பது ஆண்டு மருந்து கொடுத்த நான் தலை குனிந்துதான் நின்றேன்.

புழுவெட்டும் இப்படித்தான். பெயரில் புழு இருப்பதால் எதையாவது தேய்த்து அதைக் கொல்லப் பார்க்கிறார்கள். வெங்காயச் சாறு முதல் ஷாம்பு வரை. அங்கே புழுவும் இல்லை, பூஞ்சையும் இல்லை. உடம்பின் எதிர்ப்பு ஆற்றலே மயிர்க்காலைத் தாக்குவதால் வழுவழுவென்று முடி கொட்டுகிறது. டெங்குக் காய்ச்சலோ பிரசவமோ ஆகி இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி கொட்டுவதும் ஷாம்புவால் நிற்பதில்லை. பெரும்பாலும் தானே சரியாகிவிடும். ரத்தச் சோகையைப் பார்த்துக்கொள்வது அங்கே ஷாம்புவைவிட முக்கியம். பேனுக்கு வேறு மருந்து.

ஷாம்புவால் சரியாகக் கூடிய ஒன்று பலருக்குத் தெரியாமலே இருப்பதையும் குறிப்பிட வேண்டும். மார்பிலும் முதுகிலும் வரும் தேமலுக்குக் காரணமும் அதே மலாசீசியாதான். கீட்டோகோனசோல் ஷாம்புவை அந்த இடத்தில் பூசி ஐந்து நிமிடம் வைத்துக் கழுவி, தினமும் ஒரு முறை, ஐந்து நாளைக்கு மேற்படாமல் செய்தால், விலை கூடிய பூச்சுகள் பல வீடுகளில் தேவைப்படாது. பூஞ்சை போன பிறகும் வெளுத்த நிறம் திரும்ப மாதங்கள் ஆகலாம். அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று மறுபடி மறுபடி பூச வேண்டாம்.

இன்னொன்று. ஐரோப்பாவில் ஜிங்க் பைரிதியோனைத் தடை செய்துவிட்டார்களே, நாம் போடலாமா என்று கேட்டு வருகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் முதல் அழகுசாதனப் பொருள்களில் அதை அனுமதிப்பதில்லை என்பது உண்மை. விலங்குகளில் செய்த சோதனைகளை வைத்து இனப்பெருக்கத்துக்குக் கேடு விளைவிக்கக் கூடிய பொருள்களின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. அந்தப் பட்டியலில் சேர்ந்த பொருளுக்கு மாற்று இருக்கும்போது விலக்குத் தர அங்குள்ள சட்டம் இடம் தருவதில்லை. அலசிவிடும் ஷாம்புவில் 1 சதவீதம் வரை பாதுகாப்பானது என்றுதான் அவர்களுடைய அறிவியல் குழுவே கருத்துச் சொல்லியிருந்தது. பயந்து குப்பியைச் சாக்கடையில் கொட்டுமளவுக்கு இதில் ஒன்றுமில்லை. மாற்ற விரும்புகிறவர்கள் மாற்றிக்கொள்ளலாம்.

நான்கு வாரம் முறையாகப் பயன்படுத்தியும் குறையாவிட்டாலும், சீழோ நீரோ கசிந்தாலும், வட்டமாக முடி போனாலும், செதில் வெள்ளி போல் பளபளத்து நெற்றிக் கோட்டைத் தாண்டி இறங்கி முழங்கை, முழங்காலிலும் காணப்பட்டாலும், குழந்தைகளுக்கு எது வந்தாலும், மருந்துக் கடையில் நிற்காமல் தோல் மருத்துவரிடம் போக வேண்டும். பொடுகு முற்றாக ஒழிந்துவிடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அது அடங்கும், பருவம் மாறும்போதும் மனம் அலைபாயும்போதும் திரும்பும், மறுபடி அடக்கிக்கொள்ளலாம்.

இவ்வளவையும் நான் ஒவ்வொருவரிடமும் கடையில் நின்று சொல்வதென்றால், மாலை ஆறு மணிக்கு மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்கும் கூட்டத்தில் நடக்காத காரியம். அதனால்தான் என் கோரிக்கை குப்பியைப் பற்றியது. பாக்கெட் ஷாம்பு என்ற யோசனையே கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணனிடமிருந்து கிளம்பி நாடெங்கும் பரவியது. அப்படிப்பட்ட மாநிலத்தில் விற்கும் மருந்து ஷாம்புவில், எத்தனை நிமிடம், வாரத்துக்கு எத்தனை முறை, எத்தனை வாரம் என்ற மூன்று செய்திகளையாவது கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் தமிழில் அச்சிடக் கூடாதா? முன்பக்கத்தில் பனித்துளி படிந்த கூந்தலின் படத்துக்கு ஒதுக்கும் இடத்தில் கால்வாசி போதும். குறிப்புத் தாளை மாநில மொழியிலும் வைக்க உற்பத்தியாளர்களை மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வலியுறுத்த வேண்டும். அதுவரை தங்கள் நாளிதழ், மருத்துவப் பக்கத்தில் மருந்தின் பெயரைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் பயன்படுத்தும் முறையையும் சேர்த்து வெளியிட்டால், எங்கள் கடைக்கு வருகிறவர்கள் அந்தத் தாளைக் கத்தரித்துக் கொண்டு வருவார்கள், வந்தும் இருக்கிறார்கள்.

அந்த மாணவருக்கு நான்காவது குப்பியைக் கொடுக்கவில்லை. ஒரு வாரம் எந்த மருந்தும் வேண்டாம், தோல் ஆறட்டும் என்று சொல்லி, முதல் குப்பியை மட்டும் கையில் கொடுத்து, மற்ற இரண்டையும் எடுத்து வைத்தேன். குப்பியின்மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, "ஞாயிறு, புதன் மட்டும். நுரையோடு 5 நிமிடம்" என்று பேனாவால் எழுதினேன். மூன்று வாரம் கழித்து வந்தார். தலை தெளிந்திருந்தது, ஆனால் தாளில் மை கரைந்து, 5 என்ற எண் 3 போலத் தெரிந்தது. இப்போது எழுதிய பிறகு அதன்மேல் செல்லோ டேப்பை ஒட்டித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருந்தாளுநர்,
கும்பகோணம்.